புல்பப் ஏர் ரைஃபிளைப் பழக்கி எடுத்தல்: குழல், குண்டு, விசை

விரலால் இழுக்கும் விசை (டிரிகர்) முன்னால் இருக்க, குண்டு ஏறும் அறையும் சுத்தியலும் வால்வும் அதற்குப் பின்னால், சுடுபவரின் கன்னத்துக்கு அடியில் அமைந்திருக்கும் துப்பாக்கியைப் புல்பப் என்பார்கள். வழக்கமான ரைஃபிளில் வெறும் மரக்கட்டையாக இருக்கும் பின்பகுதி இதில் இயந்திரத்துக்கு இடமாகிவிடுவதால், குழலின் நீளத்தைக் குறைக்காமலே துப்பாக்கியின் மொத்த நீளத்தைக் குறைக்க முடிகிறது. பிரிட்டனில் 1901-இல் தார்னிகிராஃப்ட் கார்பைனில் முயன்று பார்க்கப்பட்ட இந்த வடிவம், 1985-இல் அந்நாட்டு ராணுவம் ஏற்ற எஸ்.ஏ.80 வழியாகப் பரவலாக அறிமுகமானது. இன்று டேஸ்டேட் பல்சார், எஃப்.எக்ஸ். இம்பாக்ட், காலிப்ரகன் கிரிக்கெட், ஏர் ஆர்ம்ஸ் கலாஹாட் என்று காற்றுத் துப்பாக்கிகளிலும் அது வேரூன்றிவிட்டது. பொருட்காட்சியில் பலூன் சுடும் ஸ்பிரிங் துப்பாக்கியை மட்டும் பார்த்தவர்களுக்கு இவை வேறு இனம் என்றே தோன்றும். உருளையில் முன்கூட்டியே அடைத்த உயர் அழுத்தக் காற்றிலிருந்து ஒவ்வொரு சுடலுக்கும் ஒரு சிறு அளவை மட்டும் வெளியேற்றி, ஏறக்குறைய அதிர்வே இல்லாமல் சுடுபவை இவை.

இக்கட்டுரை பிரிட்டனில் உரிமம் இல்லாமல் வாங்கக்கூடிய, 12 அடி-பவுண்டு (குண்டின் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றலுக்கு உட்பட்ட, ஒவ்வொரு சுடலுக்கும் காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் பொருத்திய புல்பப் ஏர் ரைஃபிளைப் புதிதாக வாங்கியவருக்கானது. உரிமம் வேண்டாம் என்பது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டுமே பொருந்தும். ஸ்காட்லாந்தில் 2016 டிசம்பர் 31 முதல் இந்த அளவிலான ரைஃபிளுக்கும் காவல்துறையின் சான்றிதழ் வேண்டும். வட அயர்லாந்தின் விதிகள் இன்னும் கடுமையானவை. இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் 20 ஜூல் ஆற்றல், 0.177 அங்குலக் குழல் என்று வேறு வரம்பை வைத்திருக்கின்றன. ஆகவே வேறு நாட்டில் இருந்து இதைப் படிப்பவர்கள் தங்கள் ஊர்ச் சட்டத்தை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேலையின் வரிசை

புல்பப் வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே சொல்லும் குறை, விசை பஞ்சு போல அமுங்குகிறது என்பதுதான். உடனே திருப்புளியை எடுத்துக்கொண்டு விசையில் கைவைத்துவிடுகிறார்கள். என் கருத்தில் விசை கடைசியாகத் தொட வேண்டிய பகுதி. குழல் அழுக்காகவோ, ரெகுலேட்டர் நிலைகொள்ளாமலோ, குறிபார்க்கும் ஸ்கோப் தளர்ந்தோ இருக்கும்போது விசையை மாற்றினால், துளைகள் நெருங்கியதற்கும் விலகியதற்கும் காரணம் எது என்று யாராலும் சொல்ல முடியாது. காற்று, சுத்தம், வேகம், குண்டு, ஸ்கோப், பிடி, விசை என்ற வரிசையில் போக வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மாற்றியதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். இந்த வரிசையில் போகிறவர்களில் பலர் விசையை வந்தடையும்போது அதில் பெரிதாக மாற்ற எதுவும் இல்லை என்பதைக் கண்டுகொள்வார்கள்.

பெட்டியைத் திறந்த அன்று

முதல் வேலை, துப்பாக்கியில் குண்டு இல்லை என்பதை உறுதிசெய்வது. புல்பப்பில் அறை கன்னத்துக்கு அடியில் மறைந்திருப்பதால் ஒரு பார்வையில் இது தெரியாது. மேகசினைக் கழற்றி, சுத்தியலை ஏற்றும் நெம்பை முழுதாகப் பின்னிழுத்து, வெளிச்சத்தில் உள்ளே பார்க்க வேண்டும். மேகசினைக் கழற்றியதாலேயே துப்பாக்கி காலியாகிவிட்டது என்று எண்ணக் கூடாது, ஏனெனில் கடைசியாகத் தள்ளப்பட்ட குண்டு குழலுக்குள்ளேயே இருக்கக்கூடும். அறை கன்னத்தை ஒட்டி இருக்கும் வடிவம் என்பதால் கண்ணாடி அணிவதையும் வழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

அடுத்தது காற்று. உருளையின் மேல் அல்லது கையேட்டில் குறித்திருக்கும் உச்ச அழுத்தம் பல மாதிரிகளில் 200 முதல் 250 பார் வரை இருக்கும். அந்த எண்ணைத் தாண்டவே கூடாது. டைவிங் சிலிண்டரிலிருந்து நிரப்புகிறவர்கள் வால்வை மிக மெதுவாகத் திறக்க வேண்டும். வேகமாக நிரப்பினால் காற்று சூடாகி, ஆறியதும் அழுத்தம் இறங்கிவிடும். கூடவே ரப்பர் வளையங்களுக்கும் கேடு. சிலிண்டரின் ஐந்தாண்டுச் சோதனை முத்திரை காலாவதியாகிவிட்டதா என்பதையும் பார்த்துக்கொள்ளவும்; காலாவதியானதை எந்த நல்ல கடையும் நிரப்பித் தராது.

உயர் அழுத்தக் காற்று புழங்கும் எந்த இடத்திலும் பெட்ரோலிய எண்ணெயோ, வீட்டில் கதவுக்கீலுக்கு அடிக்கும் ஸ்பிரேயோ ஒரு துளிகூடப் படக் கூடாது. அழுத்தத்தில் சூடாகும் காற்றும் எண்ணெய் ஆவியும் சேர்ந்தால் டீசல் இன்ஜினுக்குள் நடப்பதுதான் நடக்கும்; நிரப்பும் குழாய் வெடித்துக் கையைப் பதம்பார்க்கும். வளையங்களுக்குத் தேவை சிலிகோன் கிரீஸ் மட்டுமே, அதுவும் பூசியது தெரியாத அளவுக்கு.

நிரப்பிய பின் அழுத்தமானியின் முள்ளை எழுதி வைத்துவிட்டு ஓர் இரவு விடுங்கள். காலையில் அறை வெப்பநிலையில் முள் தெளிவாக இறங்கியிருந்தால் கசிவு இருக்கிறது. அது கடைக்காரரின் பொறுப்பு, நீங்கள் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. அந்த இரவுக்குள் வெளியில் தெரியும் திருகுகளைச் சரியான அளவு ஆலன் கீயால் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிடலாம். இறுக்கமாக இருப்பதை மேலும் இறுக்க வேண்டாம். தளர்ந்திருப்பதை மட்டும் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்கினால் போதும்.

குழலைப் பழக்குதல்

வெடிமருந்துத் துப்பாக்கிகளில் குழலைப் பழக்குவதற்கு ஒரு குண்டு, ஒரு துடைப்பு என்று நீண்ட சடங்குகளைச் சிலர் சொல்வார்கள். காற்றுத் துப்பாக்கிக் குழலில் அவ்வளவு சூடும் இல்லை, தாமிர உறையும் இல்லை. ஈயக் குண்டு மட்டுமே ஓடுகிறது. ஆகவே இங்கே பழக்குவது என்றால் மூன்று காரியங்கள்: தொழிற்சாலையில் துரு பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெயை நீக்குவது, குழலின் உட்சுவரில் மெல்லிய ஈயப் பூச்சு சீராகப் படிய விடுவது, ரெகுலேட்டர், வால்வு, சுத்தியல் ஸ்பிரிங் ஆகியவை தம் இடத்தில் அமர்வதற்கு நேரம் கொடுப்பது.

சுத்தம் செய்ய நைலான் வடத்தில் துணித்துண்டைக் கட்டி இழுக்கும் முறையே புல்பப்புக்கு ஏற்றது. எப்போதும் அறைப் பக்கமிருந்து வாய்ப் பக்கமாக, ஒரே திசையில் இழுக்க வேண்டும். உலோகக் கம்பியை வாய்ப் பக்கமிருந்து நுழைத்தால், குண்டு கடைசியாகத் தொட்டுப் போகும் விளிம்பில் கீறல் விழும். அந்த விளிம்பில் விழும் ஒரு சிறு பிசிறு, வேறெந்தக் குறையையும் விட அதிகமாகக் குறியைக் கெடுக்கும். குழல் முனையில் ஓசையை அடக்கும் மாடரேட்டர் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு, ஏர் ரைஃபிளுக்கென்று விற்கும் குழல் திரவம் தொட்ட துணியை முதலிலும், உலர்ந்த துணிகளைப் பிறகும் இழுங்கள். முதல் துணி கருப்பாக வரும். துணி ஏறக்குறைய வெள்ளையாக வந்ததும் நிறுத்திவிட வேண்டும். பளபளப்பு ஏற்றும் பசை எதையும் புதுக் குழலில் பயன்படுத்த வேண்டாம்.

சுத்தம் செய்த குழலில் முதல் இருபது, முப்பது குண்டுகள் அங்கும் இங்கும் போவது இயல்பு. ஈயம் படியும் வரை அவற்றைக் கணக்கில் எடுக்கக் கூடாது. அதன் பிறகு ஒரு டப்பா குண்டு, அதாவது சுமார் 500 குண்டுகள் தீரும் வரை, நிதானமாகச் சுட்டுக்கொண்டே வேகத்தை மட்டும் கவனித்துவந்தால் போதுமானது. புது ரெகுலேட்டருக்குள் அடுக்கியிருக்கும் வளைந்த வாஷர்கள் இந்தக் காலத்தில் கொஞ்சம் அமர்ந்து, அதன் அழுத்தம் சற்றே நகரக்கூடும். கடைக்காரர் சொன்ன வேகமும் ஒரு மாதம் கழித்து நீங்கள் அளக்கும் வேகமும் பொருந்தாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

வேகத்தை அளத்தல்

குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் இல்லாமல் இந்த வேலையைச் செய்யவே கூடாது என்பேன். துல்லியம் இதற்கு ஒரு காரணம். சட்டம் அதைவிடப் பெரிய காரணம். இங்கிலாந்தில் ஏர் ரைஃபிளின் ஆற்றல் 12 அடி-பவுண்டை, அதாவது சுமார் 16.27 ஜூலைத் தாண்டிவிட்டால், அது உரிமம் வேண்டிய துப்பாக்கியாகிவிடும். தெரியாமல் நடந்தது என்பது அங்கே தப்பிக்கும் வழியல்ல. கணக்கு எளியது. குண்டின் எடையைக் கிரெயின் என்ற சிறு எடை அலகில் எடுத்து, வினாடிக்கு இத்தனை அடி என்று வரும் வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, 450240-ஆல் வகுத்தால் அடி-பவுண்டு கிடைக்கும். 8.44 கிரெயின் எடையுள்ள 0.177 குண்டு வினாடிக்கு 780 அடி வேகத்தில் போனால் ஆற்றல் 11.4, 15.89 கிரெயின் எடையுள்ள 0.22 குண்டு 570 அடி வேகத்தில் போனால் ஏறத்தாழ 11.5.

முன்கூட்டி அடைத்த காற்றில் இயங்கும் ரைஃபிள்களில் குண்டின் எடை கூடக் கூடப் பொதுவாக ஆற்றலும் கூடும். ஸ்பிரிங் துப்பாக்கியில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. ஆகையால் வழக்கமான குண்டில் 11.8 காட்டும் ரைஃபிள், கனமான குண்டில் வரம்பைத் தாண்டிவிடலாம். கையிலுள்ளவற்றில் மிகக் கனமான குண்டைக் கொண்டும் அளந்து பாருங்கள். வரம்பை நெருங்கினால் பதிவுபெற்ற கடைக்காரரிடம் கொடுத்து இறக்கிக்கொள்ளுங்கள். இந்த அளவு ரைஃபிளில் வேகத்தை ஏற்றுவதால் குறி கூர்மையாவதில்லை.

துல்லியத்துக்கு வேண்டியது சீரான வேகம். பத்துக் குண்டுகளைச் சுட்டு, மிக அதிகத்துக்கும் மிகக் குறைவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். 35 கஜத்தில், 780 அடி வேகத்தில் செல்லும் 0.177 குண்டு குழலின் நேர்க்கோட்டிலிருந்து சுமார் 10 செ.மீ. கீழிறங்குகிறது. வேகம் 10 அடி மாறினால் அந்த இறக்கம் 3 மி.மீ.க்கும் குறைவாகவே மாறும். அதனால் 10, 15 அடி வித்தியாசத்துக்கு மனம் கலங்க வேண்டாம். 30 அடியைத் தாண்டினால் ரெகுலேட்டரையோ சுத்தியலையோ கவனிக்க வேண்டும். இரவு முழுதும் சும்மா வைத்திருந்த துப்பாக்கியின் முதல் குண்டு மட்டும் மற்றவற்றிலிருந்து தெளிவாக வேறுபட்டால், ரெகுலேட்டர் மெல்லக் கசிந்து அழுத்தத்தை ஏற்றிக்கொண்டிருக்கிறது என்று ஊகிக்கலாம். இதுவும் உத்தரவாதக் காலத்துக்குள் கடையிடம் கொண்டுபோக வேண்டிய குறைதான்.

குண்டைத் தேர்ந்தெடுத்தல்

பணம் செலவழிக்க வேண்டிய இடம் இது. ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்துச் செய்த இரு குழல்கள்கூட ஒரே குண்டை விரும்புவதில்லை. செக் நாட்டு ஜே.எஸ்.பி., ஜெர்மனியின் எச். அண்ட் என். ஆகியவற்றின் இடைமெலிந்த டயபோலோ குண்டுகளில் நாலைந்து வகைகளை, தலை அளவு 4.51, 4.52 என்று மாற்றி மாற்றி வாங்கிப் பாருங்கள். கூர்முனைக் குண்டுகளும் விளம்பரத்தில் மட்டும் பறக்கும் இலேசான உலோகக் குண்டுகளும் இந்தச் சோதனையில் தேவையில்லை.

25 கஜத்தில், காற்று அசையாத நாளில் அல்லது கூரையுள்ள ரேஞ்சில், ஒவ்வொரு வகையிலும் ஐந்து ஐந்தாக நாலைந்து குரூப் (ஒரே புள்ளியைக் குறிவைத்துச் சுட்ட துளைகளின் கொத்து) சுட வேண்டும். வகை மாற்றும்போது பத்துக் குண்டுகளைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டுவிட வேண்டும், ஏனெனில் பழைய குண்டின் பூச்சின் மேல் புதியது ஓடிப் பழக அவ்வளவு தேவைப்படும். கிடைத்தவற்றில் மிகச் சிறிய குரூப்பைப் படமெடுத்துக் காட்டுவது எல்லோருக்கும் உள்ள ஆசை. ஆனால் தேர்வுக்கு எடுக்க வேண்டியது சராசரியைத்தான். ஐந்து துளைகளையும் 18 மி.மீ. அகலமுள்ள ஐந்து பென்னி நாணயம் ஒவ்வொரு முறையும் மூடிவிட்டால், அந்தக் குண்டோடு நின்றுவிடலாம். அதே அச்சில் செய்த குண்டுகளின் டப்பாக்கள் கடையில் இருந்தால் நாலைந்தைச் சேர்த்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கோப்பும் பிடியும்

புல்பப்பில் கன்னம் இயந்திரத்தின் மேலேயே படிவதால் ஸ்கோப்பை உயர்த்திப் பொருத்தியாக வேண்டும். வழக்கமான ரைஃபிளில் ஸ்கோப்பின் மையம் குழலுக்கு மேல் 4 செ.மீ. என்றால் இதில் 7 செ.மீ. இருக்கும். இதன் விளைவு கிட்டத்தூரத்தில் தெரியும். 30 கஜத்துக்கு ஸீரோ செய்த, அதாவது அந்தத் தூரத்தில் குறிவைத்த இடத்திலேயே குண்டு படுமாறு ஸ்கோப்பைச் சரிசெய்த 0.177 ரைஃபிள், 10 கஜத்தில் முதல் வகையில் ஏறத்தாழ 1 செ.மீ. கீழே அடிக்கும், புல்பப்பில் 3 செ.மீ. கீழே அடிக்கும். இது துப்பாக்கியின் பிழை அல்ல, வடிவியல். 8 கஜத்திலிருந்து 45 கஜம் வரை ஐந்து கஜத்துக்கு ஒருமுறை சுட்டு, எங்கே எவ்வளவு ஏற்றி இறக்கிப் பிடிக்க வேண்டும் என்ற ஓர் அட்டையைத் தயாரித்து ஸ்கோப் மூடியில் ஒட்டிக்கொண்டால் தொல்லை தீர்ந்தது. ஹன்டர் ஃபீல்டு டார்கெட் போட்டியில் இலக்குகள் 45 கஜத்துக்குள்தான் இருக்கும் என்பதால் அந்த அட்டை போட்டிக்கும் போதும்.

துப்பாக்கி பக்கவாட்டில் சாய்வதும் புல்பப்பில் எளிதாக நேர்கிறது. குட்டையான, எடை பின்னால் குவிந்த துப்பாக்கி தோளில் தானாகவே உருளும். 35 கஜத்தில் 5 பாகை சாய்வு குண்டைச் சுமார் 9 மி.மீ. பக்கவாட்டில் தள்ளிவிடும், அதாவது காற்றே இல்லாத நாளில் காற்றைக் குறைசொல்ல வைக்கும். ஸ்கோப் குழாயில் பொருத்தும் சிறு நீர்மட்டத்தை முதல் நாளிலிருந்தே பயன்படுத்துங்கள். ஸ்கோப் வளையத் திருகுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக, சுமார் 2 நியூட்டன் மீட்டருக்கு மேல் போகாமல் இறுக்குங்கள். பாரலாக்ஸ் திருப்பியை இலக்கின் தூரத்துக்கு வைத்து, தலையை இலேசாக அசைத்தாலும் குறுக்குக்கோடு இலக்கின் மேல் நகரவில்லை என்று பார்த்த பின்பே குரூப் சுட வேண்டும்.

மணல்பையை எங்கே வைப்பது என்பதிலும் ஒரு கவனம் வேண்டும். புல்பப்பின் எடை மையம் பெரும்பாலும் கைப்பிடிக்கு அருகில் இருக்கும். பை அதற்குச் சற்று முன்னால், உடற்பகுதியின் கீழ் இருக்க வேண்டும். குழலின் மீதோ, அதை மூடியிருக்கும் உறையின் மீதோ, காற்று உருளையின் மீதோ சாய்த்தால் குறி நகரும். உருளையோடு குழல் வளையம் இட்டுப் பிணைத்திருக்கும் மாதிரிகளில், உருளையின் அழுத்தம் இறங்க இறங்க அது குழலை நூலளவு இழுப்பதும் உண்டு. முதல் குரூப்புக்கும் கடைசிக் குரூப்புக்கும் இடையில் குறி மெல்ல ஒரே திசையில் ஊர்ந்தால் முதலில் அந்த வளையத்தைச் சந்தேகியுங்கள்.

குரூப் இன்னும் விரிந்தே இருந்தால்

இரண்டு சோதனைகள் போதும். முதலில் மாடரேட்டரைக் கழற்றிவிட்டு ஒரு குரூப் சுடுங்கள். துளைகள் உடனே நெருங்கினால், குண்டு மாடரேட்டரின் உள் தடுப்பை உரசிப் போகிறது என்று பொருள். டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் தடுப்பின் துளை விளிம்பில் சாம்பல் நிறத்தில் பிறை வடிவ ஈயக்கறை தெரியும். கறை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமாகக் குண்டு ஒதுங்குகிறது. மரையில் தூசி இருக்கிறதா, மாடரேட்டர் நேராக அமர்கிறதா என்று பார்த்துச் சரிசெய்யலாம்.

மற்றது மேகசின். ஒரு குண்டை மேகசினிலிருந்து குழலுக்குள் தள்ளி, பிறகு மென்மையான மரக்குச்சியால் அறைப் பக்கமே வெளியே எடுத்துப் பாருங்கள். இதற்கு முன் துப்பாக்கியில் காற்றும் இருக்கக் கூடாது, சுத்தியலும் ஏறியிருக்கக் கூடாது. குண்டின் விரிந்த பின்பகுதியான பாவாடையின் விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் நசுங்கியிருந்தால் மேகசின் நேராக நிற்கவில்லை. ஒற்றைக் குண்டுத் தட்டு உள்ள மாதிரி என்றால் அதை வைத்து ஒரு குரூப் சுட்டு ஒப்பிட்டுவிடலாம்.

விசை

மிதிவண்டியின் பிரேக் நெம்பை அழுத்தினால் இடையிலுள்ள கம்பி தளர்ந்திருக்கும் அளவுக்கு நெம்பு வீணாக நகர்வதைப் பார்த்திருப்போம். புல்பப்பின் விசை அமுங்குவதற்கும் காரணம் அதுவே. விரல் தொடும் நாக்கு முன்னால் இருக்கிறது; சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் சியர் வெகு பின்னால் இருக்கிறது; இடையில் ஒரு நீண்ட இணைப்புக் கம்பி ஓடுகிறது. சியர் நன்றாகவே இருக்கும், கெடுப்பது கம்பி. டேஸ்டேட் பல்சார் போன்றவை மின்னணு விசையை வைத்து இந்தக் கம்பியையே ஒழித்துவிட்டன. மற்றவர்கள் கம்பியோடு வாழத்தான் வேண்டும்.

எனவே முதலில் கவனிக்க வேண்டியது கம்பி எப்படி வேலை செய்கிறது என்பதை. விசையை இழுக்கும்போது கம்பி பின்னோக்கித் தள்ளப்பட்டால் அது நடுவில் வில்போல வளையும். அந்த வளைவுதான் பஞ்சுத்தன்மை. முன்னோக்கி இழுக்கப்பட்டால் வளையாது, ஆனால் இரு முனைகளிலுள்ள ஊசிகளில் ஆட்டம் இருக்கும். காலியான, சுத்தியல் ஏறாத துப்பாக்கியின் பக்க மூடியைத் திறந்து, கம்பி நெடுகிலும் மார்க்கர் மையைப் பூசி, விசையை இருபது முறை இழுத்துப் பாருங்கள். மை அழிந்த இடமெல்லாம் கம்பி எதையோ உரசும் இடம். பெரும்பாலும் அது உடற்பகுதியின் உட்சுவராகவோ, அளவுக்கு மீறி நீண்ட ஒரு திருகின் நுனியாகவோ இருக்கும். கம்பியின் அந்த இடத்தை மட்டும் 1000-க்கு மேற்பட்ட நுண்தாளால் இலேசாக வழவழப்பாக்கி, தூசி ஒட்டாத உலர் மசகு ஒரு தொடுகை வைத்தால், சரசரவென்ற உணர்வு பெருமளவு போய்விடும். எடையைக் குறைக்காமலே விசை இலேசானதுபோலத் தோன்றும்.

சியரின் முனைகளை மட்டும் தேய்க்கவே கூடாது. பல மாதிரிகளில் கடினப்படுத்திய மேற்பரப்பு மிக மெல்லியது; அதைத் தேய்த்துவிட்டால் கீழே மென்மையான இரும்பு, சில ஆயிரம் சுடல்களில் அது மழுங்கிச் சுத்தியலைப் பிடித்து நிறுத்தாமல் விட்டுவிடும். கோணம் ஒரு மயிரிழை மாறினாலும் அதே ஆபத்து. இணையத்தில் இதற்கான காணொளிகள் ஏராளம்; பார்த்து ரசிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கம்பியைச் சரிசெய்த பிறகு திருகுகளுக்கு வரலாம். இரு கட்ட விசையில் பொதுவாக முதல் கட்டத்தின் நீளம், இரண்டாம் கட்டத்தின் எடை, விசை விட்ட பிறகு நாக்கு நகரும் மிச்சத் தூரம் ஆகிய மூன்றையும் மாற்ற முடியும். எந்தத் திருகு எதற்கு என்பதைக் கையேட்டில் பார்த்து, தொடங்கும் நிலையை வண்ணக் கோடிட்டுக் குறித்துக்கொண்டு, ஒருமுறைக்குக் கால் சுற்று மட்டும் திருப்ப வேண்டும். புதியவருக்கு 500 முதல் 700 கிராம் எடை ஏற்றது. உலகப் போட்டிகளில் 10 மீட்டர் ஏர் பிஸ்டலின் விசையே 500 கிராமைத் தாங்க வேண்டும் என்பது விதி. குளிரில் விரைத்த விரலோடு வயலில் நிற்பவர் அதற்கும் கீழே போவதில் எந்த லாபமும் இல்லை. எடையை அளக்க 10 கிராம் துல்லியமுள்ள கொக்கித் தராசு போதும். பத்து முறை அளந்து, எண்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் 650 காட்டும் விசை, 400-க்கும் 600-க்கும் இடையில் ஊசலாடும் விசையைவிட நல்லது.

இரண்டாம் கட்டம் தொடங்கும் இடத்தில் ஒரு சுவர் தெளிவாக விரலுக்குத் தெரிய வேண்டும். அது மறைந்து, முதல் கட்டத்தின் முடிவிலேயே துப்பாக்கி சுட்டுவிட்டால், சியரின் பிடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிட்டது. உடனே பழைய நிலைக்குத் திருப்புங்கள். மிச்சத் தூரத் திருகை முழுதாக இறுக்குவதும் தவறு. சியர் முழுமையாக விலகாமல் சுத்தியல் அதை உரசிக்கொண்டே போகும். வேகம் காரணமின்றி ஏறி இறங்கும். குரோனோகிராஃபில் திடீரென்று 40 அடி வித்தியாசம் தெரிந்தால் பலர் ரெகுலேட்டரைப் பழிப்பார்கள். முந்தைய நாள் விசையைத் தொட்டிருந்தால் இந்தத் திருகை அரைச் சுற்றுத் தளர்த்தி மறுபடி அளந்து பாருங்கள்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும், குண்டு இல்லாமல், பாதுகாப்பான தடுப்பை நோக்கி வைத்துக்கொண்டு சோதிக்க வேண்டும். சுத்தியலை ஏற்றி, பாதுகாப்புப் பூட்டை விடுவித்த நிலையில், பின்முனையைத் தடித்த ரப்பர் விரிப்பின் மேல் 15 செ.மீ. உயரத்திலிருந்து சில முறை விழவிடுங்கள். பக்கங்களில் ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். நெம்பை மெதுவாகவும் வேகமாகவும் மூடிப் பாருங்கள். பிறகு பூட்டைப் போட்டு விசையை வலுவாக இழுத்து விட்டுவிட்டு, பூட்டை விடுவியுங்கள். இவற்றில் எதிலாவது துப்பாக்கி தானாகச் சுட்டால், அந்த அமைப்பில் ஒரு குண்டுகூட ஏற்றக் கூடாது. திருகுகளை வண்ணக் கோட்டுக்கே திருப்பிய பிறகும் அது தொடர்ந்தால், துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோக வேண்டும்.

சோதனையில் தேறிய விசையோடு மீண்டும் 25 கஜத்துக்குப் போய், முன்பு தேர்ந்தெடுத்த அதே குண்டில், அதே பையில் வைத்து நாலைந்து குரூப் சுட்டு, பழைய சராசரியோடு ஒப்பிடுங்கள். இந்த அளவு ரைஃபிளில் குண்டு மெதுவாகவே குழலை விட்டு வெளியேறுகிறது. ஆகவே விசை விட்ட பின்னும் விரலை அழுத்தியபடியே வைத்து, இலக்கில் துளை விழுவதை ஸ்கோப் வழியாகப் பார்க்கும் வரை கன்னத்தைத் தூக்காதிருக்கப் பழகிக்கொள்ளுங்கள். குறி மையத்திலிருந்து நகர்ந்திருந்தால் இப்போதுதான் ஸ்கோப்பைக் கடைசியாக ஸீரோ செய்ய வேண்டும்.

அதன்பின் குரூப் விரியத் தொடங்கும் வரை குழலைத் துடைக்க வேண்டாம். துப்பாக்கியை எப்போதும் உருளையில் கொஞ்சம் காற்றோடு, சுத்தியல் இறங்கிய நிலையில், பதினெட்டு வயதுக்குட்பட்டவர் கைக்கு எட்டாத பூட்டிய அலமாரியில் வையுங்கள். அவர்கள் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்வது சட்டத்தின் கட்டளையும்கூட.